நிழலில் காயவைத்த இலை

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி நுண்ணோக்கிக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று உண்டு. படத்தின் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "முதுநிலை ஆய்வு இணையர். தாவரச் சேர்மங்களிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து காணும் உலகளாவிய தேடலில் முன்வரிசையில் நிற்பவர்."

இதில் 'நிற்பவர்' என்பது மட்டும் சரி. கீழ்த்தளத்து அறையில் உட்கார நாற்காலி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் நின்றுகொண்டேதான் இலை அரைத்தார். நுண்ணோக்கி இருந்தது மேல்தளத்தில். படம் எடுப்பதற்காகத்தான் அன்றைக்கு அவரை முதல் தடவையாக மாடிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டு இரவல், கைகளை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தது. நுண்ணோக்கிக்கு விளக்குப் போடவில்லை.

"உள்ள ஒண்ணுமே தெரியலையே" என்றார் இவர்.

"நீங்க பாத்தா போதும் மேடம். தெரியணும்னு இல்ல" என்றார் படமெடுக்க வந்தவர்.

பட்டம் வந்த கதையும் சுருக்கமானதுதான். நிறுவனத்தில் ஆய்வாளர்கள் குறைவாக இருக்கிறார்களே என்று நிதி கொடுப்பவர்கள் முகம் சுளித்தார்கள். உடனே ஒரு கூட்டம் போட்டார்கள். கீழ்த்தளத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மத்தியானத்தில் ஆய்வாளர்கள் ஆனார்கள். சம்பளம் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

அவருடைய வேலை இதுதான். மூட்டை மூட்டையாக இலைகள் வரும். கல், கயிறு, ஒரு தடவை ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு நிழலில் காயவைப்பார். வெயிலில் போட்டால் உள்ளே இருப்பது கெட்டுவிடும். காய்ந்ததை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, துணியில் ஒருமுறை, தாளில் ஒருமுறை வடிகட்டி, ரோட்டாவில் மாட்டுவார். ரோட்டா என்று அங்கே எல்லோரும் சொல்வது வெந்நீர்த் தொட்டியில் ஒரு கண்ணாடிக் குடுவையைச் சுற்றிக்கொண்டே இருக்கும் கருவி. சுற்றச் சுற்ற ஸ்பிரிட் ஆவியாகப் பறந்துவிடும். அடியில் தார் போலக் கரும்பச்சைப் பசை ஒட்டிக்கொள்ளும். அதை நீளக் கரண்டியால் சுரண்டிக் குப்பியில் அடைத்து, எண் எழுதி மாடிக்கு அனுப்புவார். மாடியில் அதைக் கரைத்து, தட்டில் வளர்த்த புற்றுநோய் அணுக்கள் மேல் ஊற்றுவார்கள். சில நாளில் மாடிப்படி வழியாகப் பதில் இறங்கி வரும்: "செத்துடுச்சு", அல்லது "சாகல".

பெரும்பாலும் செத்துத்தான் போகும். தட்டில் கிடக்கும் அணுவைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கொல்லும். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்ல வேண்டும், அதையும் தட்டில் அல்லாமல் ஒரு மனிதனுக்குள்ளே போய்ச் செய்ய வேண்டும். அந்த இடத்தில் வந்துதான் குப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆனாலும் செத்ததையெல்லாம் இயக்குநர் 'நம்பிக்கை தரும் முடிவு' என்றே எழுதினார். நம்பிக்கை தரும் முடிவுகள் குளிர்ப்பெட்டிகள் கொள்ளாமல் இருந்தன. மருந்து என்று ஒன்று அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டியதில்லை.

ஆண்டறிக்கைப் படத்தை ஒரு நாளிதழ் எடுத்துப் போட்டதிலிருந்து தெருவில் அவருக்கு 'டாக்டரக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. காய்கறிக் கடைக்காரர் எடை போடுவதற்கு முன்னால் ஆலோசனை கேட்பார்.

"டாக்டரக்கா, இந்த வெண்டைக்காய் கேன்சருக்கு நல்லதுங்கிறாங்களே, நிஜமா?"

"சமைச்சுச் சாப்பிட்டா நல்லது. வாங்கி வச்சு வாட விட்டா யாருக்கும் நல்லதில்ல."

"அப்ப ஒரு கிலோ போடவா?"

இப்படியே நகைச்சுவையாகப் போய்க்கொண்டிருந்த பெயர்தான். அவருடைய தம்பியின் கழுத்தில் கட்டி வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தே அழுகையை நிறுத்தும் ஆள். கழுத்துக் கட்டியை முதலில் கொசுக்கடி என்றான், பிறகு தலையணையின் கோளாறு என்றான். கடைசியில் அக்கா கையைப் பிடித்து இழுத்துப் போனபோதுதான் மருத்துவமனை வாசலை மிதித்தான். கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் பெண் மருத்துவர் நேராகவே சொன்னார். நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். நாலு மருந்துகளைச் சேர்த்து, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்ற வேண்டும்.

"கேன்சர்லயே இது நல்லா மருந்து கேக்கிற வகை. நிறைய பேர் முழுசா குணமாகிப் போயிருக்காங்க. ஒரே ஒரு விஷயம், நடுவுல விடக்கூடாது. தேதி தள்ளிக்கிட்டே போகக்கூடாது. தள்ளினா அது சுதாரிச்சுக்கும்."

வெளியே வந்ததும் தம்பி சொன்னான், "எத்தனையோ பேர நான் மேல அனுப்பிருக்கேன். இப்ப என் டர்ன் போல."

"வாய மூடிக்கிட்டு வா" என்றார் அக்கா.

வீட்டுக்குப் போனதும் அவன் வேறு பேச்சுப் பேசினான். நரம்பில் கெமிக்கல் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. மேல்மாடி வீட்டுக்காரர் ஏற்றிக்கொண்டதைத்தான் பார்த்தானே, முடி போச்சு, ருசி போச்சு, அப்புறம் ஆளே போனார். வீட்டிலேயே மருந்து கண்டுபிடிக்கிற அக்காவை வைத்துக்கொண்டு எதற்காக ஊசிக்குப் போக வேண்டும்.

"நீங்கதான் செடியிலேருந்து எடுக்கிறீங்களே. அதுல ஒரு குப்பி கொண்டா."

"டேய், அத இன்னும் எலிக்கே குடுக்கல."

"அப்ப எலிக்கு முன்னாடி எனக்குக் குடு. எலி என்ன உனக்குக் கூடப் பொறந்ததா?"

தம்பி மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி, இவரு யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. உங்க ஆபீஸ்ல பெரியவங்க யாராவது சொன்னா கேப்பாரு" என்றார்.

டாக்டரக்காவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாளே இயக்குநரிடம் கெஞ்சி, தம்பியோடு போனில் பேசச் சொன்னார். இயக்குநர் நல்ல மனிதர். ஆனால் போனை எடுத்தாலே மறுபக்கம் நிருபர் இருப்பதாக நினைத்துப் பேசிப் பழகியவர். எங்கள் ஆய்வு முக்கியமான கட்டத்தில் இருக்கிறது, இயற்கையில் இல்லாத மருந்தில்லை என்று ஆரம்பித்தார். எப்போது மருந்து வரும் என்று தம்பி கேட்டதும் வழக்கமான பதிலைச் சொன்னார்: "அஞ்சு வருஷத்துல எதிர்பார்க்கலாம்." எந்த வருடத்தில் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

தம்பி போனை வைத்துவிட்டு, "பாத்தியா. பெரியவரே சொல்லிட்டாரு. அஞ்சு வருஷம்தானே, இருந்து பாக்கிறேன்" என்றான்.

கட்டி அதுவரை காத்திருக்குமா என்று யாரும் இயக்குநரைக் கேட்கவில்லை. சட்டைக் காலர் பொத்தான் போட முடியாத அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

அப்போதுதான் டாக்டரக்காவுக்கு அந்த வாதம் கிடைத்தது. இத்தனை காலம் இலையோடு பழகியதற்கு ஒரு பலன் என்று அவர் அன்றைக்கு நினைத்திருக்கக்கூடும். தம்பியின் கையைப் பிடித்துப் படியிறக்கி, அவன் குடியிருந்த கட்டடத்தின் பக்கவாட்டுக்குக் கூட்டிப் போனார். மழைநீர்க் குழாய் இறங்குகிற இடத்தில், சிமெண்ட் வெடிப்பில், நித்தியகல்யாணிச் செடிகள் புதராக மண்டிக் கிடந்தன. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஐந்து இதழ், வெளிர்சிவப்புப் பூ.

"இது என்ன தெரியுமா?"

"பூ."

"உனக்கு ஏத்தப்போற நாலு மருந்துல ஒண்ணு இதுலேருந்துதான் எடுக்கிறாங்க. இந்த இலையிலேருந்து. வண்டி வண்டியா இலை அரைச்சா ஒரு சிட்டிகை வரும். நீ கெமிக்கல்ங்கிறது இதான்."

தம்பி குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தான். கைலியில் விரலைத் துடைத்துக்கொண்டான்.

"இத்தன நாள் இதுமேலதான் சைக்கிள சாத்தி வச்சிருக்கேன்" என்றான். பிறகு, "சரி. வரேன்" என்றான்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று மாலை தம்பி மனைவி விவரம் கேட்டபோதும் உண்மையைத்தான் சொன்னார். இலையை எப்படி நிழலில் காயவைப்பது, ஏன் வெயில் ஆகாது, எப்படி ரெண்டு தடவை வடிகட்டுவது, எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவருடைய வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்டிருக்கிறார். அவரும் ரசித்துச் சொன்னார்.

முதல் தடவை மருந்து ஏற்றியபோது தம்பி கட்டிலில் சாய்ந்துகொண்டு நர்ஸை வம்புக்கு இழுத்தான். நாலில் ஒன்று சிவப்பு, மற்றவை நிறமில்லாதவை.

"சிஸ்டர், இதுல எது எங்க வீட்டுச் செடி?"

நர்ஸ் முழித்தார். அக்கா நிறமில்லாத ஒன்றைச் சுட்டிக் காட்டினார்.

"பச்சையா இருக்கும்னு பாத்தேன். இது பச்சத் தண்ணியா இருக்கு."

"அதுலேருந்து வேண்டியத மட்டும் பிரிச்சு எடுத்திருக்காங்க."

"மிச்சத்தையெல்லாம் எறிஞ்சுட்டாங்களா?" என்று கேட்டார் தம்பி மனைவி.

"ஆமா. அது தேவையில்ல."

தம்பி மனைவி அந்த நிறமில்லாத மருந்தையே பார்த்தார். வெட்டிய துணியில் மிஞ்சிய ஒட்டுத் துண்டைக்கூட எறியாமல் தலையணை உறை தைக்கிறவர் அவர்.

கட்டி இளகியது. ரெண்டாவது தடவைக்குப் பிறகு காலர் பொத்தான் போட முடிந்தது. கீழ்த்தளத்தில் டாக்டரக்கா இலை அரைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டதாக மாடியில் சொன்னார்கள். மருத்துவரும் தலையாட்டினார். எல்லாம் சொன்னபடியே நடந்தது. இவர்கள் குடும்பத்தில் அதுவே வழக்கமில்லாத ஒன்று.

மூன்றாவது தடவைக்கு முன் ரத்தம் பார்த்தபோது வெள்ளையணுக்கள் தரைமட்டத்தில் இருந்தன. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார் மருத்துவர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் கீழே. "இந்த மருந்துக்குக் குறையும்தான். ஆனா இவ்வளவு குறைஞ்சு, ஏறாமலே கிடக்கிறது ஏன்னு தெரியல" என்றார். அதற்குள் தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எதிர்க்க ஆள் இல்லாத உடம்பில் காய்ச்சல். கதவில் 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்த தனியறையில் போட்டார்கள்.

மாற்றுத் துணி எடுத்து வர டாக்டரக்கா அவன் வீட்டுக்குப் போனார். கட்டடத்தைச் சுற்றிப் போகும்போது, மழைநீர்க் குழாயடியில் சிமெண்ட் வெடிப்பு வெறுமையாகத் தெரிந்தது. புதர் இருந்த இடத்தில் ஒட்ட நறுக்கிய தண்டுகள். மேலே வந்து கதவைத் திறந்தார். கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், மின்விசிறி நேராக அடிக்காத மூலையில், பழைய துப்பட்டாவை விரித்து இலைகளைப் பரப்பியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்று படாமல். அவர் தன் அறையில் பரப்புகிற அதே மாதிரி.

அடுக்களையில் மிக்ஸி ஜாடியின் விளிம்பில் பச்சைத் தூள். அடுப்பு மேல் மூடி போட்ட பாத்திரம். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வடிகட்டத் தாள் கிடைக்காததால் துணியையே ரெண்டாக மடித்திருந்தது.

அவர் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தபோது தம்பி மனைவி உள்ளே வந்தார்.

"இது என்னம்மா?"

"நீங்க சொன்னதுதான் அண்ணி."

"நான் எங்க சொன்னேன்?"

"செடியிலேருந்து வர மருந்துன்னு நீங்கதானே காட்டினீங்க. அவங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அதுவும் வெறும் தண்ணி மாதிரி ஏத்துறாங்க. நடுவுல விடக்கூடாதுன்னு டாக்டரும் சொன்னாங்க. அதான் நடுவுல இருக்கிற நாளுக்கு நான் குடுத்தேன். காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். கட்டி கரைஞ்சதப் பாத்தீங்கல்ல."

"கட்டி கரைஞ்சது ஊசிக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி. நீங்கதானே சொன்னீங்க."

டாக்டரக்காவுக்குப் பதில் இருந்தது. கொட்டியதை அள்ளுவது போல அவர் அதைச் சொல்லவும் முயன்றார். அந்த இலைக்குள் இருப்பது ஒன்றல்ல, எத்தனையோ சேர்மங்கள் இருக்கின்றன. ஒரு செடியில் அதிகமாக, பக்கத்துச் செடியில் குறைவாக. மருத்துவமனையில் அளந்து ஏற்றுவது புற்றுக்கும் விஷம், ரத்தம் ஊறுகிற மஜ்ஜைக்கும் விஷம், அதனால்தான் மஜ்ஜை மூச்சுவிட ரெண்டு வாரம் விடுகிறார்கள். தம்பி மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்ப மருந்து இல்ல, விஷம்னு அன்னைக்கே சொல்லிருக்கலாமே" என்றார்.

அப்படிச் சொல்லியிருந்தால் தம்பி ஊசிக்கே வந்திருக்க மாட்டான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி? அவருதான் கீழ போய் அறுத்துட்டு வந்தாரு. வாந்தி வந்தாலும் மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாரு. அக்கா மருந்து, அக்கா மருந்துன்னு." தம்பி மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா இனிமே பாக்க மாட்டேன்னு அனுப்பிடுவாங்க. தயவுசெஞ்சு."

அக்கா பாத்திரத்தைத் தூக்கிக் கழிவறையில் கொட்டினார். தண்ணீர் ஊற்றினார். பச்சைக் கறை போகவில்லை, மறுபடியும் ஊற்றினார். துப்பட்டாவை இலையோடு சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். மாற்றுத் துணியை எடுக்க மறந்துவிட்டார்.

மருத்துவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நாளா?"

"முதல் ஊசி போட்டதிலேருந்து."

"ஒரு டம்ளர்ல எவ்வளவு மருந்து இருந்திருக்கும்? சுமாரா?"

டாக்டரக்காவின் நிறுவனத்தில் அதை அளக்கக் கருவி இருந்தது. வரிசையில் போட்டால் அளந்து சொல்ல ஒரு மாதம் ஆகும். "தெரியாது டாக்டர்" என்றார்.

"இதாலதான்னு என்னாலயும் உறுதியாச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது." மருத்துவர் துப்பட்டாவைப் பிரித்து இலைகளைப் பார்த்தார். "நல்லாத்தான் காயவச்சிருக்காங்க. யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. குடித்ததை வெளியே எடுக்க வழியில்லை. வெள்ளையணு தானாக ஏறும்வரை புற்றுக்கு மருந்து கொடுக்கவும் வழியில்லை. டாக்டரக்கா வேலை முடிந்ததும் வந்து, கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே விட மாட்டார்கள். இலைத்தூள் படிந்த உடுப்போடு வருபவரை எப்படி விடுவார்கள்.

காய்ச்சல் தணிந்தது. வெள்ளையணுக்கள் ஊர்ந்து ஊர்ந்து ஏறின. அவை ஏறி முடிப்பதற்குள் கட்டி திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை அக்குளிலும். பழைய மருந்துகளுக்கு அது அசையவில்லை. இப்போது வேறு மருந்துகள், கடுமையானவை, பெரிய மருத்துவமனையில் படுக்கவைத்து ஏற்றுபவை. எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டதற்கு அங்கிருந்த மருத்துவர், "குடுத்துப் பாப்போம்" என்றார். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு அந்தச் சொல் பழக்கமானதுதான்.

தம்பி மனைவி வேறு கணக்கில் இருக்கிறார். கஷாயம் குடித்தவரை கட்டி கரைந்தது, நிறுத்தியதும் வந்தது. நடந்த வரிசையைப் பார்த்தால் அவர் சொல்வதில் பிழை காண முடியாது. தெருவும் அதையே நம்பியது. காய்கறிக் கடைக்காரர் ஒரு நாள் எடையை நிறுத்திவிட்டு, "டாக்டரக்கா, அந்தக் கஷாயம் எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். என் மச்சானுக்கு" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் வேண்டாம், அது விஷம் என்றார். கடைக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். பெரிய மருந்தை யார்தான் லேசில் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற தலையாட்டல் அது.

தம்பி ரொம்ப நாள் அக்காவிடம் பேசவில்லை. புதிய மருந்து ஏற்றத் தொடங்கிய அன்று, கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்:

"நீ சொல்லிருக்க வேணாம்க்கா."

"எத? செடியச் சொன்னதா, டாக்டர்கிட்ட சொன்னதா?"

அவன் யோசித்தான். "ரெண்டையும்தான்" என்றான். பிறகு, "கால அமுக்கி விடு. மரத்துப் போகுது" என்றான்.

அவர் அமுக்கிவிட்டார்.

அடுத்த ஆண்டறிக்கைக்கும் அதே படத்தைப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். தம்பி பிழைப்பானா என்பது இதை எழுதும்போது தெரியவில்லை. அவர் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. தம்பியை ஊசிக்குச் சம்மதிக்கவைக்க ஒரு செடியைக் காட்டினார். அவன் அதைக் குடிக்கிறான் என்று தெரிந்த அன்றே, மிச்சத்தைக் கொட்டிவிட்டு மருத்துவரிடம் போய்ச் சொன்னார்.